மானாமதுரையில் 2004-இல் நின்ற ஒரு ஒய்டிஎம்-4

என் மாமா எடுத்த ஒரு புகைப்படத்தில் இருந்துதான் இந்த வேலை தொடங்கியது. 2004 மே மாதம், மானாமதுரை சந்திப்பு, மத்தியான வெயில். ராமேசுவரம் பக்கம் போகும் பாசஞ்சருக்கு முன்னால் திருச்சி பொன்மலை ஷெட்டின் (எஞ்சின்களைப் பராமரிக்கும் பணிமனை) ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின் ஒன்று நிற்கிறது. செங்காவி நிற உடம்பு, நடுவில் மஞ்சள் பட்டை, ஆறாயிரத்தில் தொடங்கும் நான்கு இலக்க எண். ஃபிலிம் கேமராவில் எடுத்து போஸ்ட் கார்டு அளவில் போட்ட பிரிண்ட். மூன்று வருடம் கழித்து, 2007-இல், பாம்பன் பாலத்தில் அகலப்பாதை ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பக்கம் மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) எஞ்சினை இனிமேல் பார்க்கவே முடியாது.

படத்தில் இருக்கும் அந்த ஒரே எஞ்சினை, அந்த ஒரு மத்தியானத்தில் இருந்தபடியே, 1:87 அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு மாதிரியாக, செய்வது என்று முடிவெடுத்தேன். பதினான்கு மாதம் பிடித்தது. நடுவில் ஒருமுறை சாயம் முழுவதையும் உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அந்த உரிப்புக்குப் பிறகுதான். அதனால் அதற்கு முந்தைய வேலைகளில் சிலவற்றை வேகமாகத் தாண்டிப் போகிறேன்.

எஞ்சினைப் பற்றி

பெயரில் ஒய் என்றால் மீட்டர்கேஜ், டி என்றால் டீசல், எம் என்றால் சரக்கு, பயணி இரண்டையும் இழுப்பது. அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் டிஎல்535ஏ வடிவம் இது. ஆறு சிலிண்டர் 251டி எஞ்சின், 1,400 குதிரைத்திறன், மூன்று அச்சுள்ள போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) இரண்டு, எடை 72 டன், உச்ச வேகம் மணிக்கு 96 கி.மீ. எடை ஆறு அச்சுக்கும் பகிர்ந்து போவதால் ஒரு அச்சுக்கு 12 டன்தான் வரும். மெல்லிய மீட்டர்கேஜ் தண்டவாளம் அதைத் தாங்கும். 1960-களின் தொடக்கத்தில் ஆல்கோவிடமிருந்தே நேராக வந்தன. அப்புறம் கனடாவின் மாண்ட்ரியலில் கட்டியவை ஒய்டிஎம்-4ஏ என்ற பெயரில் வந்தன. 1968 முதல் வாரணாசியிலேயே கட்டத் தொடங்கினார்கள்.

மாதிரி செய்பவருக்கு இந்த வரலாறு சும்மா தெரிந்துகொள்ள மட்டும் இல்லை. ஒரே வகுப்பில் பல இடங்களில், பல வருடங்களில் கட்டிய வண்டிகள் இருக்கின்றன என்றால், கிரில், கதவு, படிக்கட்டு, விளக்கு என்று சின்னச் சின்ன வித்தியாசங்களும் இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு ஷெட்டும் தன் வசதிக்கு மாற்றிய மாற்றங்கள். "ஒரு ஒய்டிஎம்-4" என்று பொதுவாகச் செய்யப் போனால் எங்கும் இல்லாத ஒரு எஞ்சின்தான் கிடைக்கும். எண்ணைப் பிடி, தேதியைப் பிடி, பிறகு கத்தியை எடு என்பேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே கிடையாது.

பாதை அளவில் ஒரு அதிர்ஷ்டம்

நம் ஊர் அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ வரும். ஆனால் கடையில் கிடைக்கும் எச்ஓ (1:87 அளவு ரயில்களுக்கான பெயர்) பாதை 16.5 மி.மீ, அது ஐரோப்பாவின் 1,435 மி.மீ பாதைக்கானது. அதனால் இந்திய அகலப்பாதை எஞ்சினை எச்ஓ தண்டவாளத்தில் நிறுத்தினால், பெரிய உடம்பைச் சின்னக் காலில் நிறுத்தியது மாதிரி தெரியும். பலர் அதை ஏற்றுக்கொண்டு நல்ல மாதிரிகள் செய்கிறார்கள். எனக்கு முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது உறுத்தும்.

மீட்டர்கேஜுக்கு அந்தத் தொல்லை இல்லை. சுவிட்சர்லாந்தின் ரேடியன் ரயில்வே போன்ற மீட்டர்கேஜ் பாதைகளைச் செய்வோர் 1:87-இல் 12 மி.மீ பாதையைப் பயன்படுத்துகிறார்கள். 12-ஐ 87-ஆல் பெருக்கினால் 1,044. உண்மையை விட 44 மி.மீ கூடுதல், மாதிரியில் அது அரை மி.மீ. கண் பிடிக்காது. இன்னொரு வசதியும் உண்டு: 1:120 அளவான டிடி ரயில்களுக்கும் இதே 12 மி.மீ பாதைதான். டிடி அளவில் வந்த ஆறு அச்சு டீசல் ஒன்றின் அடிச்சட்டத்தைப் பழையதாக வாங்கி, அதன் மோட்டாரையும் போகிகளையும் எடுத்துக்கொண்டேன். சக்கரங்கள் அசலை விடச் சிறியவை, அச்சு இடைவெளியும் அப்படியே பொருந்தாது. போகியின் வெளிச்சட்டத்தை மட்டும் அசல் அளவுக்கு வரைந்து ஒட்டியதால் பக்கவாட்டில் பார்க்கும்போது தெரிவதில்லை. கீழே குனிந்து பார்ப்பவருக்குத் தெரியும். அதற்கு என்னிடம் இப்போதைக்குத் தீர்வு இல்லை.

உடம்பு

மேல் உடம்பு ரெசினில் 3டி அச்சிட்டது. தனியாகச் செய்து விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். வடிவம் சரியாக இருந்தது. ஆனால் எஞ்சினை மூடும் நீளக் கூடான ஹூட் நடுவில் ஒரு மி.மீ போல வளைந்திருந்தது, அடுக்கு அடுக்காக அச்சுக் கோடுகளும் இருந்தன. கொதிக்கவிடாமல் நன்கு சூடான தண்ணீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுத்து, தட்டையான கண்ணாடி மேல் எடை வைத்து ஆறவிட்டால் ரெசின் நேராகும். மூன்று தடவை செய்தேன். கோடுகளை 800, அப்புறம் 1200 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுத்தேன். ரெசின் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. தண்ணீர் விட்டுத் தேய்த்தாலும் மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு உறுப்பையும் 87-ஆல் பெருக்கிப் பார்த்தேன். சிரமமான பழக்கம்தான், ஆனால் பொம்மைத்தனம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். அச்சில் வந்த கைப்பிடிக் கம்பி 0.7 மி.மீ தடிமன். பெருக்கினால் 61 மி.மீ. அவ்வளவு தடித்த கம்பியை மனிதக் கை சுற்றிப் பிடிக்க முடியாது. ஒரு டிரைவர் மழையில் ஏறும்போது பிடிக்கிற கம்பி அது. டிரைவர் நிற்கும் அறையின் ஜன்னல் கண்ணாடி ஒன்றரை மி.மீ, அதாவது 13 சென்டிமீட்டர். கோட்டைச் சுவர் மாதிரி. இரண்டையும் வெட்டி எறிந்தேன்.

கம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனேன். 28 கேஜ் செம்புக் கம்பி 0.376 மி.மீ, பெருக்கினால் 33 மி.மீ, கைக்கு அடங்கும் குழாய். கடைக்காரர் இரண்டு மீட்டர் துண்டுக்குக் காசே வாங்கவில்லை. சுருளில் இருந்து வந்த செம்பு நெளிந்திருக்கும், தொட்டால் மடங்கும். ஒரு முனையை வைஸில் கடித்துவிட்டு, மறுமுனையைக் கட்டிங் பிளேயரில் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் கம்பி 'கொஞ்சம் கொடுப்பது' விரலில் தெரியும், வெண்ணெய் நழுவுகிற மாதிரி. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அப்போது கம்பி கோடு கிழித்தது போல நேராகியிருக்கும், இழுபட்டதில் விறைப்பும் ஏறியிருக்கும். அப்புறம் மேலிருக்கும் எனாமல் பூச்சை பிளேடால் சுரண்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாயம் உரிந்து வரும்.

உடம்பில் அச்சாகி வந்த கம்பிகளைச் சீவிவிட்டு, நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய 0.4 மி.மீ துளைப்பானால் கையாலேயே துளையிட்டேன். முதலில் ஊசி முனையால் ஒரு குழி வைத்துக்கொண்டால்தான் முனை வழுக்காது. மொத்தம் 62 துளை. நான்கு துளைப்பான்கள் உடைந்தன. கம்பியை ஒரே அளவில் வளைக்க, பிளாஸ்டிக் துண்டில் இரண்டு வெட்டு போட்டு அச்சு செய்துகொண்டேன். சாமணத்தில் பிடித்துத் துளையில் செருகி, உட்புறத்தில் ஒரு சொட்டு பசை. வெளியே பசை தெரிந்தால் அந்த இடம் கடைசி வரை பளபளக்கும்.

ரேடியேட்டர் கிரில் அச்சில் மூடியபடி, வெறும் கட்டம் போட்ட சுவராக வந்திருந்தது. அதை வெட்டித் திறந்தேன். முதலில் டீ வடிகட்டியின் வலையை வைத்துப் பார்த்தேன். கண் அரை மி.மீ, பெருக்கினால் 4 சென்டிமீட்டருக்கு மேல். கோழிக்கூட்டு வலை போலத் தெரிந்தது. சிவகாசியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் நண்பர் பழைய சட்டத்தில் இருந்து நைலான் வலைத் துண்டு ஒன்றை அறுத்துக் கொடுத்தார். அதன் கண் 0.15 மி.மீ. உள்ளே கறுப்புச் சாயம் அடித்து, பின்னால் ஒரு விசிறி வடிவத்தையும் வைத்தேன். விசிறி வெளியே தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டும் உள்ளே ஏதோ இருப்பது மாதிரி நிழலாடும்.

முகப்பு விளக்குக்கு 0603 அளவுள்ள எல்ஈடி, 1.6 மி.மீ நீளமும் 0.8 மி.மீ அகலமும். 12 வோல்ட்டில் 1 கிலோ ஓம் மின்தடை போட்டால் கண்ணைக் கூசும் வெள்ளை. 10 கிலோ ஓம் போட்டு, மேலே தெளிவான ஆரஞ்சு சாயத்தில் ஒரு தொடுகை வைத்ததும், பல்பு காலத்து மஞ்சள் வந்தது. 2004-இல் எரிந்த விளக்கு 2004-இன் நிறத்தில்தான் எரிய வேண்டும்.

நிறம்

இருபது வருடப் பழைய பிரிண்டை நம்பி நிறம் கலக்கக் கூடாது. பிரிண்ட் சிவந்து போயிருக்கும். படத்தில் வெள்ளை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளை, என் விஷயத்தில் என் பள்ளிச் சட்டையை, அளவாக வைத்து, அது எவ்வளவு சிவந்திருக்கிறதோ அவ்வளவை மனத்தில் கழித்துக்கொண்டேன். ஐஸ்கிரீம் கரண்டிகளில் ஒன்பது கலவை பூசிக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்த நிறத்திலும் சில சொட்டு வெளிர் சாம்பல் சேர்த்தேன். கையகல மாதிரியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்கிறோம். உண்மை எஞ்சினைப் பத்து, இருபது மீட்டர் தள்ளி நின்று, நடுவில் காற்றும் தூசியும் இருக்கப் பார்த்தோம். அந்தத் தூரத்தைச் சாயத்தில்தான் கலக்க வேண்டும்.

மஞ்சள் பட்டையை டீகாலாக (நனைத்து ஒட்டும் அச்சுப் படலம்) போடாமல், டேப் ஒட்டி ஏர்பிரஷ்ஷில் அடித்தேன். எண்களும் எழுத்துகளும் மட்டும் டீகால். டீகால் போடுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் அடித்துவிடுங்கள். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி வெள்ளியாக மின்னும்.

இதுவரை எல்லாம் நன்றாகப் போனது. அப்புறம் அழுக்கு வைத்தேன்.

ஷெட்டுக்காரர் சொன்னது

பொன்மலை ஷெட்டில் பிட்டராக முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், என் நண்பரின் பக்கத்து வீட்டுக்காரர். மாதிரியைக் காட்டலாம் என்று திருச்சிக்கு எடுத்துக்கொண்டு போனேன். உடம்பு முழுக்கக் கறுப்பு-பழுப்புக் கலவையைக் கழுவி விட்டு, மேலே துருநிறத் தூள் தடவி, நான் நன்றாகவே வந்திருக்கிறது என்று நினைத்திருந்த நிலை அது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார். கம்பிகளைப் பார்த்து, "அட, கையி போட்டுப் புடிக்கலாம் போல இருக்கே" என்றார். அப்புறம் ஹூட்டின் பக்கவாட்டைப் பார்த்தவர் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விரல் நகத்தால் ஒரு கதவைக் காட்டினார்.

"இந்தக் கதவத் தொறந்து எத்தன வருசம் ஆச்சு தம்பி?"

எனக்குப் புரியவில்லை.

"எஞ்சின் ரூம் கதவு. தெனமும் ரெண்டு தடவ தொறப்போம். கையில ஆயிலோட தொறப்போம். கைப்பிடிகிட்ட ஆயில் இல்ல. ஆனா மஞ்சப் பட்டைக்கு மேல அழுக்கா இருக்கு, அங்க யாரு கையும் போகாது. இது ஓடுன வண்டி மாதிரி இல்லீங்க. எங்கயோ சேத்துல நின்ன வண்டி மாதிரி இருக்கு."

அவர் குறை சொல்லவே இல்லை. ஒரு எஞ்சினைப் பார்த்தால் அது எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் கசிகிறது என்று படித்துப் பழகிய கண். என் மாதிரியையும் அதே கண்ணால் படித்தார். படிப்பதற்கு அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நான் நிறம் வைத்திருந்தேன், நடந்த எதையும் வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு இடமாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். பதினொரு பக்கம் வந்தது. வீட்டுக்கு வந்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் உடம்பை ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அக்ரிலிக் சாயம் முழுவதையும் உரித்தேன்.

இரண்டாவது முறை

இந்த முறை ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத ஒரு கறையும் இருக்கக் கூடாது.

முதலில் வெயில். செங்காவி நிறம் மேல்புறத்தில்தான் முதலில் வெளிறும், பக்கவாட்டில் குறைவு, கம்பிகளின் நிழல் விழும் இடத்தில் இன்னும் குறைவு. வெள்ளை, காவி மஞ்சள், இளஞ்சாம்பல் எண்ணெய்ச் சாயங்களைக் குண்டூசித் தலை அளவில் புள்ளி புள்ளியாக வைத்து, டர்பென்டைனில் நனைத்துத் துடைத்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மட்டும் இழுத்தேன். மழை மேலிருந்து கீழாகத்தானே ஓடும். குறுக்கே ஒரு இழுப்பு விழுந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும்.

அடுத்து புகை. ஆல்கோ எஞ்சினில் டிரைவர் நாட்ச் (சக்திப் படி) ஏற்றியதும், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ வேகம் பிடிக்கும் வரை காற்று போதாது. எரியாத டீசல் கரும்புகையாகக் கக்கும். ஸ்டேஷனில் இருந்து கிளம்பும்போது வண்டிக்கு மேல் குடை பிடித்த மாதிரி நிற்கும் அந்தப் புகையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கரி புகைபோக்கி வாயைச் சுற்றித் தடிப்பாகவும், ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் மெலிந்தும் படியும். என்னுடைய கேள்வி, எந்தப் பக்கம்? பெரியவர் சொன்னார்: "ரெண்டு பக்கமும்தான். போறப்ப ஒரு பக்கம், வர்றப்ப ஒரு பக்கம். திருப்பிப் போட எங்க நேரம்?" ஆக கரி இரண்டு திசையிலும் வால் விடுகிறது. வெல்வெட் மாதிரி ஒளியை விழுங்கும் கறுப்பு அது. மெல்லிய கறுப்பை ஏர்பிரஷ்ஷில் குறைந்த அழுத்தத்தில் ஐந்தாறு தடவை அடித்துக் கொண்டுவந்தேன்.

போகிக்கு மூன்று தனித் தனிச் சங்கதிகள். வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் சக்கரத்தில் உரசி உதிரும் தூள். அது துருப்பழுப்பு, சக்கரத்தைச் சுற்றி அடர்த்தி. வழுக்காமல் இருக்கச் சக்கரத்துக்கு முன்னால் கொட்டும் மணல். மணல் குழாய்க்குக் கீழே மட்டும் வெளிறிய சாம்பல். மூன்றாவது அச்சுப்பெட்டிகளில் இருந்து கசியும் எண்ணெய். ஈரமாக, கறுப்பாக, அதன் மேல் தூசி ஒட்டிக் கட்டி கட்டியாக இருக்கும். ஒரே பழுப்பை எல்லா இடத்திலும் தடவிய முதல் முறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு அடி தள்ளி நின்றே பார்க்கலாம்.

டீசல் டேங்க் வாய்க்குக் கீழே வழிந்த தடம் பளபளப்பாக இருக்க வேண்டும், காரணம் அது காயாது. பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்து முடித்த பிறகு, எண்ணெய்ச் சாயத்தில் பளபளப்பு வார்னிஷ் கலந்து ஒரு இழுப்பு. கதவுக் கைப்பிடிகளைச் சுற்றி அதே கலவையில் விரலகலக் கறை. 1:87-இல் விரலகலம் என்பது கால் மி.மீ-க்கும் குறைவு, பிரஷ்ஷில் ஒரே ஒரு மயிரை விட்டு மற்றதை வெட்டிவிட்டுத்தான் வைத்தேன். படிகளில் நடுப்பகுதி மட்டும் சாயம் போய் இரும்பு தெரிகிறது, செருப்பு அங்கேதான் படும். பென்சில் கரியை விரலால் தேய்த்தால் தேய்ந்த இரும்பின் மினுமினுப்பு அப்படியே வரும்.

உப்புக் காற்று ஒன்று இருக்கிறது. பாம்பன் வழியாகப் போய் வரும் வண்டி. துரு பெரிய தகட்டின் நடுவில் பிடிக்காது. தண்ணீர் தங்கும் கீழ் விளிம்பில், தகடுகள் சேரும் மூலையில், கம்பி தகட்டில் இறங்கும் இடத்தில் பிடிக்கும். அங்கே மட்டும், கையைக் கட்டிக்கொண்டு வைத்தது போலக் கொஞ்சமாக வைத்தேன்.

தூசிக்கு நிறம் தேடிக் கடைசியில் ஊருக்கே போனேன். மானாமதுரை ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கை மண் எடுத்து வந்து, வெயிலில் உலர்த்தி, அம்மியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் மூன்று தடவை சலித்தேன். அப்படியே போட்டால் சரிவராது: 0.1 மி.மீ மணல் துகள் 87 மடங்கில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கல். பவுடர் மாதிரி ஆகும் வரை அரைக்க வேண்டும். இன்னொன்று, இதைச் செய்யப் போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது: சலித்த மண்ணுக்குள் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி விட்டு எடுங்கள். எனக்குக் காந்த முனையில் கறுப்பாக ஒரு தாடியே முளைத்தது. அந்த இரும்புத் துகள் மோட்டாருக்குள் போனால் மோட்டார் போயிற்று.

படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது முன்பக்கத் தகட்டில், பஃபருக்கு மேலே, வெளிறிய மூன்று கோடும் நடுவில் ஒரு புள்ளியும் தெரிந்தன. முதலில் பிரிண்டில் விழுந்த கீறல் என்றே நினைத்தேன். பெரியவரிடம் கேட்டதும் சொல்லிவிட்டார், அது ஆயுத பூஜை. அக்டோபரில் ஷெட்டில் எல்லா வண்டியையும் கழுவி, வாழைக்கன்று கட்டி, விபூதிப் பட்டை போட்டுக் குங்குமம் வைப்பார்கள். மே மாதம் வரை ஏழெட்டு மாத மழையும் வெயிலும் தாண்டி மங்கலாக நிற்கிறது. அந்தப் பொட்டு மாதிரியில் அரை மி.மீ. வைக்கும்போது மூச்சை நிறுத்திக்கொண்டேன். எனக்கு இந்த எஞ்சினில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

ஒரு விபத்து

கடைசி மேட் வார்னிஷை நவம்பரில், மழை விட்ட ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் அடித்தேன். ஐந்து நிமிடத்தில் உடம்பு முழுவதும் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. அதுதான் காரணம். பதறித் துடைத்திருந்தால் கீழே இருக்கும் எல்லாமே போயிருக்கும். ஜனவரி வரை பெட்டியில் வைத்துவிட்டு, வறண்ட ஒரு காலை பதினொரு மணிக்கு, மெல்லிய பளபளப்பு வார்னிஷை மேலே அடித்தேன். வெள்ளை கரைந்து மறைந்தது. அதன் மேல் மறுபடி மேட். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் கம்பி வளையுங்கள், மண் சலியுங்கள். வார்னிஷ் பக்கம் போகாதீர்கள்.

ஓட்டம்

எவ்வளவு அழகாகச் செய்தாலும் எலி ஓடுவது போல ஓடினால் போயிற்று. மணிக்கு 50 கி.மீ வேகத்தில் போகும் கிளைப்பாதைப் பாசஞ்சர், 1:87-இல் ஒரு மீட்டர் கடக்க ஆறு வினாடிக்குச் சற்று மேல் எடுக்க வேண்டும். தரையில் ஒரு மீட்டர் குறித்து, கைக்கடிகாரம் வைத்து, மாதிரிக்குள் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் டிகோடரில் உச்ச வேகத்தைக் குறைத்தேன். வேகம் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் நன்றாக நீட்டிவிட்டேன். இப்போது கிளம்பும்போது ஒரு கனம் தெரிகிறது. ஒலி வைக்க உள்ளே இடமில்லை.

மறுபடி திருச்சி

பிப்ரவரியில் எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் இந்த முறை உள்ளே வைத்துப் பார்க்காமல் வெயிலுக்கு எடுத்துப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார். கதவுக் கைப்பிடியைப் பார்த்தார், சிரித்தார். டேங்க் வாய்க்குக் கீழே விரல் வைத்து, விரலைப் பார்த்துக்கொண்டார், ஈரம் ஒட்டியிருக்கிறதா என்று. குங்குமப் பொட்டைக் கண்டதும் வீட்டுக்குள் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்புறம் முன்பக்கம் திருப்பி, "இது நகராது தம்பி" என்றார்.

"எதுங்கய்யா?"

"வேக்குவம் ஹோஸு. சும்மா தொங்குது பாருங்க. வாயத் தொறந்து வச்சா வேக்குவம் எப்படி ஏறும்? வண்டி பூரா பிரேக்கு புடிச்சு நிக்கும். முன்னாடி எதுவும் மாட்டலேன்னா இதத் தூக்கி டம்மியில செருகணும்."

உண்மைதான். மீட்டர்கேஜ் வண்டிகளில் வேக்குவம் பிரேக். குழாயில் காற்றை உறிஞ்சி எடுத்தால்தான் பிரேக் விடும். எந்த முனையில் ஹோஸ் திறந்திருந்தாலும் காற்று உள்ளே புகுந்துவிடும், பிரேக் விடாது. நான் முன்னாலும் பின்னாலும் ஹோஸைப் பார்க்க அழகாகத் தொங்கவிட்டிருந்தேன். மாமாவின் படத்தை எடுத்துப் பார்த்தோம். அதில் முன்பக்க ஹோஸ் மேலே வளைந்து, பஃபர் தகட்டில் இருக்கும் சின்ன மூடியில் செருகப்பட்டுத்தான் இருக்கிறது. இருபது வருடமாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றிரவே விளக்கில் லேசாகச் சுட்ட சாமணத்தால் ஹோஸை மேல்நோக்கி வளைத்து, அரை மி.மீ கம்பித் துண்டில் ஒரு டம்மி செய்து, அதன் வாயை மூடினேன்.